கொசுறுக் குருவி

கேள்வி: "உங்கள் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது" என்று எங்கள் போதகர் அடிக்கடி பிரசங்கிக்கிறார். 2025 மார்ச் 28 அன்று நிலநடுக்கத்தில் எங்கள் வீடு இடிந்தபோது, எண்ணியவர் எங்கே போனார்? பாவத்துக்குக் கிடைத்த அடி என்று சபையிலேயே சிலர் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, மாண்டலே

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, அம்மா. இயேசு காலத்தில் எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அவரே இல்லை என்றார். மனந்திரும்பச் சொன்னது கேட்டுக்கொண்டிருந்தவர்களை. லூக்கா 13, சபைக்காரர்களிடம் பிரித்துக் காட்டுங்கள். உங்கள் வீடு இடிந்த அன்று பூமிக்கடியில் சகாய்ங் நிலப்பிளவு நகர்ந்து 7.7 அளவில் நிலம் நடுங்கியது. ரமலான் வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்களும் விழுந்தன, புத்த மடங்களும் விழுந்தன. அங்கேயும் போய்ப் பாவக்கணக்குப் பார்ப்பார்களா?

முதல் கேள்விதான் கஷ்டம். தலைமயிர் வசனத்துக்குப் பக்கத்திலேயே குருவி வசனமும் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன். இங்கே யாங்கூனில் சூலே பகோடா பக்கம் கூண்டுக் குருவி விற்பார்கள். காசு கொடுத்துப் பறக்கவிட்டால் புண்ணியம். இயேசு காலத்தில் வாங்கியது தின்பதற்கு. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு, லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டால் ஐந்தாவது கொசுறு. அந்தக் கொசுறையும் கடவுள் மறப்பதில்லை என்பதுதான் பேச்சு. குருவி விழவே விழாது என்று யாரும் சொல்லவில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் பிதாவின் "சித்தமில்லாமல்" விழாது என்றிருக்கிறது. கிரேக்க மூலத்தில் "பிதா இல்லாமல்" என்பதோடு சரி. சித்தம் என்ற சொல் அங்கே கிடையாது. நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: விழும் இடத்தில் அவரும் இருக்கிறார். அதைப் போய் இன்சூரன்ஸ் பத்திரம் மாதிரி நீட்டினால், வீடு இடிந்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

இவ்வளவு கவனிப்பே வேண்டாம் என்று கத்தியவரும் வேதத்தில் உண்டு. எச்சில் விழுங்கும் நேரமாவது என்னை விடமாட்டீரா என்று, எல்லாவற்றையும் இழந்த யோபு கடவுளிடம் கேட்டார். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது அவர்மேல் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல். அவர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

இனி யாராவது விளக்கம் சொல்ல வந்தால் ஒரு பாயைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஏழு நாள் கழித்துப் பேசட்டும்.