பக்கத்துக் கொட்டகையில் கோமாரி: நம் மாட்டுக்கு எந்த வழியாக வரும்?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்களிடம் 6 கலப்பின மாடுகள். 300 மீட்டர் தள்ளியிருக்கும் கொட்டகையில் 3 மாடுகளுக்குக் கோமாரி (வாயிலும் காலிலும் கொப்புளம் வரும் தொற்றுநோய்). எங்கள் மாடுகளை வெளியே அவிழ்ப்பதே இல்லை. காற்றில் வந்துவிடுமா? இப்போது தடுப்பூசி போடலாமா?”

காற்று கிடக்கட்டும். உங்கள் மாட்டைக் கறப்பது யார்?

காற்றில் வராது என்று சொல்லவில்லை. 1981-இல் பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து கடலைத் தாண்டி இங்கிலாந்தின் வைட் தீவுக்கே இந்தக் கிருமி போயிருக்கிறது. ஆனால் அதற்கு மூச்சில் கிருமியை அள்ளிவிடும் பன்றிகளும், ஈரமான குளிர்காற்றும் வேண்டும். நம் வெயிலில் அது நெடுந்தூரம் தாங்காது. மார்கழிப் பனியில் அடுத்தடுத்த கொட்டகைக்குள் நடக்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் அது கையிலும் காலிலும் வாளியிலும்தான் வருகிறது.

கறவைக்காரரைக் கவனித்துப் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி நாலைந்து வீடு கறக்கிறார். இடுப்பில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி. ஒவ்வொரு மாட்டுக்கும் அதில்தான் விரலைத் தொட்டுக்கொள்கிறார். மடியைத் துடைப்பது தோளில் கிடக்கும் அதே துண்டு. மாடு தலையைத் திருப்பினால் எச்சில் கைலியில் படுகிறது. வாயிலும் காலிலும் கொப்புளம் தெரிவதற்கு 4 நாள் முன்பே பாலில் கிருமி இறங்கிவிடலாம். ஆக, நோய் வந்த வீட்டை மட்டும் ஒதுக்கினால் போதாது. இன்று நன்றாக இருக்கும் வீட்டிலிருந்தும் வரலாம்.

அவரை நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்தால் இரண்டு மூன்று வாரம் வீட்டாளே கறக்கட்டும். முடியாவிட்டால் முதல் வீடாக உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கைலி, துண்டு, எண்ணெய், வாளி நான்கும் உங்களுடையதாக, கொட்டகையிலேயே இருக்கட்டும். கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வரட்டும். சினை ஊசி போட வருபவர், தரகர், ஏன், எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கும் இதே விதிதான். நோயுள்ள கொட்டகையைப் பார்த்துவிட்டு வருபவரின் மூக்கிலேயே கிருமி ஒரு நாள்வரை இருக்கக்கூடும். துக்கம் விசாரிப்பதுபோல பக்கத்து வீட்டு மாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவீர்களே, அதை விடுங்கள். போனில் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஆடு. அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை இரவில் அடைத்துக் கிடை போடும் பழக்கம் உங்கள் பகுதியில் உண்டு. செம்மறிக்குக் கோமாரி வந்தால் பல நேரம் லேசாக நொண்டும், அதோடு சரி, யாரும் கண்டுகொள்வதில்லை. 2001-இல் பிரிட்டனில் இதுதான் நடந்தது. பிப்ரவரி 20-ஆம் தேதி நோய் உறுதியாவதற்குள் சந்தைச் செம்மறிகளோடு அது ஊர் ஊராகப் போய்விட்டது. முடிவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. இந்தப் பருவம் மட்டும் கொட்டகையை ஒட்டிய வயலில் கிடை வேண்டாம். அந்த வயல் வைக்கோலும் வேண்டாம். சந்தையில் புது மாடு பிடிக்கும் எண்ணமிருந்தால் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டால் 3 வாரம் தனியே கட்டுங்கள்.

கொட்டகை வாசலில் ஃபினாயில் தெளிக்கிறீர்களா? வாசனை வரும், கோமாரிக் கிருமி அதற்கு எளிதில் சாகாது. பிளீச்சிங் பவுடரும் சாணத்தின் மேல் விழுந்தால் வேலை செய்யாது. மளிகைக் கடையில் சலவை சோடா கேளுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம். சாணத்தை வழித்துக் கழுவிய பிறகு தரை, செருப்பு, பால் வண்டிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் அதுதான். வாசலில் சாக்கை நனைத்துப் போட்டால் தினமும் மாற்றுங்கள். சமையல் சோடா வேறு. அது மாட்டின் வாய்ப்புண் கழுவ.

தடுப்பூசி? கடைசி ஊசி போட்டு 6 மாதம் நெருங்கிவிட்டதென்றால் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். அரசு இலவசமாகவே போடுகிறது. ஆனால் ஊசி பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி உள்ளே போயிருந்தால் ஊசி போட்ட மாட்டுக்கும் வரும். பழி ஊசி மேல் விழும். மாட்டுக்கு மாடு ஊசி மாற்றச் சொல்லுங்கள். ஒரே ஊசியில் 6 மாட்டுக்கும் குத்தினால் அதுவே நோயைப் பரப்பும்.

மூலிகை பற்றியும் கேட்பீர்கள். தேங்காய், சீரகம், வெந்தயம், மஞ்சள் அரைத்துக் கொடுப்பது வாய்ப்புண்ணுக்கு இதம், நானும் சொல்வதுண்டு. அது பரவலை நிறுத்தாது.

ஒரு வெப்பமானி வாங்கி 14 நாள் காலையில் பாருங்கள். 104 டிகிரி தாண்டினாலோ, பால் திடீரென்று குறைந்தாலோ கொப்புளத்துக்காகக் காத்திராமல் அந்த மாட்டைப் பிரித்துக் கட்டிவிட்டு 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதன் கன்றை அன்றைக்கே தாயிடமிருந்து பிரித்து, காய்ச்சி ஆறவைத்த பாலைக் கொடுங்கள். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கன்றுக்குக் கிருமி இதயத்தைத் தாக்கும், வாயில் ஒரு புண்கூட இல்லாமல் நின்றபடியே விழுந்து செத்துவிடும்.