நம் செல்லிலும் ரைபோசோம் இருக்கிறதே, மாத்திரை அதைத் தாக்காதா?

கேள்வி: நுரையீரல் தொற்றுக்கு அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்கும் என்று படித்தேன். நமக்கும் ரைபோசோம் உண்டே டாக்டர், ஆபத்தில்லையா?

பதில்: நியாயமான கேள்வி. ரைபோசோம்தான் செல்லுக்குத் தேவையான புரதங்களைத் தயாரிக்கிறது. அது நின்றால் பாக்டீரியாவும் பிழைக்காது, நாமும் பிழைக்க மாட்டோம். ஆனால் இரண்டின் அமைப்பும் ஒன்றல்ல. பாக்டீரியாவினுடையது 70எஸ் வகை (எஸ் என்பது வேகமாகச் சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதன் அளவு; அதனால் பகுதிகளின் எண்களைக் கூட்டினால் மொத்தம் சரியாக வராது). 30எஸ், 50எஸ் என்ற இரு பகுதிகள் சேர்ந்தது. நம்முடையது 80எஸ், அளவிலும் பெரியது.

50எஸ் பகுதிக்குள் ஒரு குறுகிய சுரங்கப்பாதை உண்டு. அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுப் புதுப் புரதம் அதன் வழியாகத்தான் வெளியே வரும். அசித்ரோமைசின் அந்தப் பாதையின் தொடக்கத்தில் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. அது பற்றிக்கொள்ளும் இடத்தில் இருப்பது புரதம் அல்ல, 23எஸ் எனப்படும் ஆர்.என்.ஏ., அதாவது வேதி எழுத்துகள் கோத்த நீண்ட இழை. ஏறத்தாழ 2,900 எழுத்துகள் கொண்ட அந்த இழையில் 2058ஆம் எழுத்து பாக்டீரியாவில் அடினின். நம் 80எஸ் ரைபோசோமில் அதே இடத்தில் இருப்பது குவானின். அதில் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு அமினோ தொகுதி இடிப்பதால் மருந்து அங்கே சரியாக ஒட்டாது. ஒரே ஓர் எழுத்து! இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் காட்டிய ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனத் மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சில பாக்டீரியாக்கள் அதே அடினினில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டவைத்து மருந்திடமிருந்து தப்பிவிடுகின்றன. தேவையில்லாமல் மாத்திரை போடப் போட இந்த வகைகளே பெருகும். வைரஸுக்கோ சொந்த ரைபோசோமே கிடையாது. சாதாரண சளிக்கு இதை விழுங்கிப் பயனில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. நம் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனி ரைபோசோம்கள் உண்டு. அவை பாக்டீரியாவினுடையதைப் பல வகையில் ஒத்தவை, அதனால் சில பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் அவற்றையும் தாக்கலாம். அப்படிப்பட்ட லினசோலிட் மாத்திரையை இரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்தால் ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பது இதனால்தான். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருவதால், ஜென்டாமைசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு ஊசியால் தாய்வழிக் குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காமல் போயிருந்தால், அந்த ஊசி போடும் முன் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்குக் கொடுத்திருப்பதில் இந்தக் கவலை வேண்டாம். வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலோ, அதற்கு மருந்து சாப்பிட்டாலோ முதல் மாத்திரைக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.