பலெர்மோவுக்கு ஒரு நாள் போதுமா? அம்மாவை அழைத்துப் போனவள் சொல்கிறேன்

கேள்வி: இத்தாலி போகிறோம், கூடவே 70 வயதைத் தொட்ட அப்பா அம்மாவும் வருகிறார்கள். சிசிலியில் பலெர்மோவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா? மாஃபியா ஊர், குப்பை, திருட்டு என்கிறார்களே, பேசாமல் விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். ஒரு நாளும் போதாது.

இதே வார்த்தைகளை என் சொந்தக்காரர்களிடமிருந்தே கேட்டிருக்கிறேன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது, ஒரு மே மாதம், ஐந்து நாள் பலெர்மோ போனோம். அம்மாவுக்கு அப்போது 69, இரண்டு முட்டியிலும் வலி. குடும்ப வாட்ஸாப் குழுவில் சொன்ன அன்றைக்கே பெரியம்மா மகன், "ரோம், வெனிஸ் எல்லாம் இருக்க, சித்தியைக் கூட்டிக்கொண்டு மாஃபியா ஊருக்கா போற?" என்று கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

ஐந்து நாள் தங்கியதால் ஊரே தெரிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயே வாழ்கிறவர்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த மாஃபியா விஷயம். நீங்கள் இறங்கப் போகும் விமான நிலையத்தின் பெயரே ஃபால்கோனே - போர்செல்லினோ. இருவருமே பலெர்மோவில் பிறந்து வளர்ந்த நீதிபதிகள், மாஃபியாவை நீதிமன்றத்தில் நிறுத்தியவர்கள். 1992 மே 23 அன்று விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் நெடுஞ்சாலையில், கபாச்சி என்ற இடத்தில், சாலைக்கு அடியில் வெடி வைத்து ஃபால்கோனேயையும், அவர் மனைவியையும், மூன்று பாதுகாவலர்களையும் கொன்றார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 19 அன்று போர்செல்லினோவும் ஐந்து பாதுகாவலர்களும். ஃபால்கோனே இறந்த அதே நெடுஞ்சாலையில்தான் விமான நிலையப் பேருந்து வரும். வெடித்த இடத்தில் சாலையின் இரு பக்கமும் உயரமான சிவப்புத் தூண்கள் நிற்கின்றன, அவற்றில் ஃபால்கோனே உட்பட அங்கே இறந்த ஐந்து பேரின் பெயர்கள். மலைச்சரிவில் வெடியை இயக்கிய இடத்தில் இருக்கும் சின்னக் கட்டடத்தில் "மாஃபியா வேண்டாம்" என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள், பேருந்திலிருந்தே தெரியும். அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன தூண் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நடுகல்தானே இது" என்றார்.

ஃபால்கோனே குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு மரம் இருக்கிறது, நோத்தர்பார்த்தொலோ தெருவில். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள், படங்கள், துணித்துண்டுகள் என்று அடிமரம் முழுக்க ஒட்டியும் கட்டியும் வைத்திருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளை இப்படிப் பறிகொடுத்து, தெருவில் இறங்கி எதிர்த்து நின்ற ஊரை, எங்கேயோ சோபாவில் உட்கார்ந்துகொண்டு "மாஃபியா ஊர்" என்று ஒரு சொல்லில் முடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மாஃபியா அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சுற்றிப் பார்க்க வருகிற உங்கள் அப்பா அம்மாவுக்கு அதனால் ஒரு ஆபத்தும் இல்லை என்றுதான் சொல்கிறேன். நீங்கள் பயப்பட வேண்டியது இரண்டுக்குத்தான். ஒன்று, பல்லரோ சந்தை நெரிசலில் பிக்பாக்கெட். கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடைபாதையிலேயே ஏறி வருகிற ஸ்கூட்டர்கள். குப்பை இருக்கிறது, உண்மை. பழைய தெருக்களில் மூட்டை மூட்டையாகப் பார்த்தோம்.

சரி, என்ன பார்ப்பது. நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலாட்டினா என்ற சிற்றாலயத்துக்குக் காலையில் கதவு திறக்கும்போதே போய் நில்லுங்கள். பத்தரை மணிக்கு மேல் கப்பல் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், நிற்கவே இடமிருக்காது. சிசிலியின் முதல் மன்னன் இரண்டாம் ரோஜர், 1130-இல் முடிசூடிய கையோடு தனக்கென்று கட்டிக்கொண்ட கோயில் அது, 1140-இல் திருநிலைப்படுத்தினார்கள். சுவரெல்லாம் பொன் பதித்த கண்ணாடிச் சில்லுகளால் ஆன மொசைக் சித்திரங்கள், பைசாந்தியப் பாணி. நிமிர்ந்து பார்த்தால் மரக்கூரை, அது முழுக்க அரபுப் பாணி, தேன்கூடு போல அடுக்கடுக்காகத் தொங்குகிறது. அதில் வாத்தியம் வாசிக்கிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், விலங்குகள், ஓரங்களில் அரபு எழுத்து. கிறிஸ்தவ ராஜாவின் கோயிலுக்கு முஸ்லிம் கலைஞர்கள் கூரை போட்டிருக்கிறார்கள்! 831-இல் அரேபியர் பிடித்த ஊர், 1072-இல், பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் கைக்குப் போனது. ஆனால் வந்தவர்கள் பழைய கைவினைஞர்களைத் துரத்தவில்லை, கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அம்மா ஓரமாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளப்பவில்லை. நீங்களும் கிளப்பாதீர்கள். தோளை மூடுகிற உடை வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அதே அரண்மனையில்தான் சிசிலியின் சட்டமன்றமும் கூடுகிறது, அதனால் சில நாட்களில் அரச அறைகளைப் பார்க்க விடமாட்டார்கள்.

அங்கிருந்து கடல்வரை நேராக ஒரே தெரு. வித்தோரியோ எமனுவேலே என்று பெயர், ஊர்க்காரர்கள் கஸ்ஸரோ என்கிறார்கள், கோட்டை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வழியில் கதீட்ரல்; ரோஜரும் அவர் பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசரும் செம்பளிங்கு போன்ற பெரிய கல்பெட்டிகளில் அங்கேதான் கிடக்கிறார்கள். தெற்கு வாசல் மண்டபத்தில் இடப்பக்கத் தூணைப் பாருங்கள், குர்ஆன் வரிகள் செதுக்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் நான்கு மூலையும் வளைந்து நிற்கும் குவாத்ரோ காந்தி சந்திப்பு, அதை ஒட்டி மார்த்தொரானா. அந்தக் கோயிலுக்குள் கிறிஸ்துவே ரோஜர் தலையில் கிரீடம் வைக்கிற மொசைக் இருக்கிறது. மற்றதெல்லாம் உங்கள் கால் சொல்கிறபடி.

முட்டி வலி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இந்தியாவிலிருந்து அம்மா வந்த பயணத்தில், விமானம் மாறும் இடத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று பயணச்சீட்டு எடுத்த அன்றே பதிவு செய்திருந்தேன். தள்ளிக்கொண்டு வந்தவர் அம்மாவை ஒரு மூலையில் விட்டுவிட்டு "ஃபைவ் மினிட்ஸ்" என்று போனவர், ஒரு மணி இருபது நிமிடம் வரவில்லை. அம்மாவுக்கு கழிப்பறை போக வேண்டும், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, எழுந்து போனால் விமானத்தை விட்டுவிடுவோமோ என்று பயம். அதற்கப்புறம் ஜெர்மனி வரும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட குடிக்கவில்லை. இதை எனக்கு அவர் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். புகார் எழுதினேன், "வருந்துகிறோம்" என்று ஒரு வரி வந்தது. வயதானவர்களை மூட்டை மாதிரி ஓரமாக வைத்துவிட்டுப் போகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை. உங்கள் பெற்றோர் தனியாக விமானம் மாறுவதாக இருந்தால், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார், பட்டினி கிடக்க நேருமோ என்று பயந்தேன், தேவையே இருக்கவில்லை. பானெல்லே என்று ஒன்று, கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களி போலக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். தினமும் மதியம் அதுதான். கத்தரிக்காயை வினிகரும் சர்க்கரையும் போட்டுச் செய்யும் கபொனாத்தா, நம் புளிப்பு இனிப்புக் கொத்சு மாதிரி. ஆனால் சைவம் என்றால் கவனம். அரன்சீனா என்ற பொரித்த சோற்று உருண்டையில் "அல் புர்ரோ", அதாவது வெண்ணெய் என்று எழுதியிருக்கும், உள்ளே பெரும்பாலும் பன்றி ஹாம் இருக்கும். ஸ்ஃபின்சோனே ரொட்டியில் நெத்திலி மாதிரி மீன் சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள். மதியம் ஒன்று முதல் நாலு வரை கடைகள் நிறைய மூடிவிடும்.

அந்த நேரத்துக்குத்தான் பியாத்சா மரீனாவின் பூங்கா. பழைய துறைமுகத்துக்குப் பக்கம். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த அத்தி இன மரம் ஒன்று, விழுதுகள் இறங்கித் தூணாகி நிற்கிறது. அம்மா ஆலமரம் என்றே கூப்பிட்டார். எதிரில் இருக்கும் ஸ்தேரி மாளிகை ஒரு காலத்தில், திருச்சபைக்கு மாறானவர்கள் என்று கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றம் பிடித்தவர்களை அடைத்த இடம், அவர்கள் சுவரில் வரைந்த படங்களும் பாட்டுகளும் இன்னும் இருக்கின்றன. அதைத் தாண்டி நடந்தால் கடற்கரைப் புல்வெளி. 1943-இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டியதால் உண்டான நிலம் அது. அது தெரிந்த பிறகு அந்தப் புல்லில் கால் வைக்க என்னவோ போலிருந்தது. கப்புச்சின் மடத்தின் நிலவறைக்கு, பதப்படுத்திய உடல்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்கு, நாங்கள் போகவில்லை. "செத்தவங்களை டிக்கெட் போட்டுப் பார்க்கணுமா?" என்றார் அம்மா, எனக்கும் அது சரியாகவே பட்டது.

கடைசியாக, எனக்கு இந்த ஊர் என்றால் நினைவு வருகிற இடம். ஊருக்கு மேலே 600 மீட்டர் உயரத்தில் பெல்லெக்ரீனோ மலை, அதில் ஒரு குகைக் கோயில், சாந்தா ரொசாலியா என்ற பெண் துறவிக்கு. 1624-இல் பிளேக் நோய் ஊரை அரித்தபோது அவள் எலும்புகள் அந்தக் குகையில் கிடைத்தன என்றும், அடுத்த வருடம் அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் நின்றது என்றும் நம்பிக்கை. ஜூலை 14 இரவு அவளுக்காக ஊரே தெருவில் இருக்கும். பேருந்து மேலேயே போகிறது, ஆனால் இறங்கிய பிறகு படிகள். பாதியில் அம்மா நின்றுவிட்டார். "போதும்டி, இங்கேயிருந்தே கும்பிட்டுக்கறேன்."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "அம்மா, நீங்கள் இந்தியாவோ?" ஐம்பத்தைந்து வயது இருக்கும், பருத்திச் சேலை, நெற்றியில் திருநீறு, கையில் பிளாஸ்க். யாழ்ப்பாணத்துக்காரர். "அவசரப்படாதேங்கோ. இதில இருங்கோ, நானும் முட்டுக்காரிதான்." படியிலேயே உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், அவர் மகள் வாய்ப்பன் என்ற பலகாரத்தை நீட்டினாள். இலங்கையில் போர் தொடங்கிய பிறகு வந்த தமிழர்கள் பலெர்மோவில் நிறையப் பேர், ஞாயிறுகளில் இந்த மலைக்கு வருவது அவர்களுக்கு வழக்கமாம். அம்மா, "நீங்க கிறிஸ்தவங்களா?" என்று கேட்டார். "இல்லையம்மா, நாங்கள் சைவம். வந்த புதுசில மொழி இல்லை, வேலை இல்லை, விசா இல்லை. இவவிட்டத்தான் அழுதனாங்கள்." அவர் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறார். ஊர் எப்படி என்று நான் கேட்டேன். "சனம் சரியான சத்தம் பிள்ளை. ஆனா விழுந்தால் தூக்கிவிடும்."

மூன்று பேருமாக அம்மாவை மெதுவாக ஏற்றினோம். குகைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அதைப் பிடிக்க வளைந்து வளைந்து தகடுகள் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் பொன்னாடையோடு சாய்ந்து படுத்திருக்கிறாள் ரொசாலியா, சிலையாக. நேர்ந்துகொண்டவர்கள் வைத்த வெள்ளி உறுப்புகளைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். வைத்தீஸ்வரன் கோயிலில் போடுகிற அதே வெள்ளிக் கால். அப்பாவுக்கு உடம்பு முடியாதிருந்தபோது அம்மா அங்கே போட்டது எனக்குத் தெரியும். அப்பா பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் அம்மா எதையும் வேண்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அன்று கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு: மூன்று இரவு தங்குங்கள். பக்கத்து ஊரான மொன்ரெயாலேயின் கதீட்ரலுக்கு ஒரு அரை நாள் வேண்டும், 6000 சதுர மீட்டருக்கு மேல் மொசைக், அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. ஜூலை, ஆகஸ்ட் வெயில் பெரியவர்களுக்கு ஆகாது. ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர் கடைசி. ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால், காலையில் கப்பெல்லா, கஸ்ஸரோ வழியாகக் கடல் வரை, மதியம் அந்த மரத்தடி, அத்தோடு நிறுத்திவிடுங்கள். மூன்று நாளில் ஒன்று ஞாயிறாக அமைந்தால் அன்று மலைக்குப் போங்கள், படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற நேரம் வைத்துக்கொண்டு.