பேஸ் கிட்டார் பிக்கப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் ஜாஸ் பேஸ் வகைக் கிட்டாருக்கு மலிவாகக் கிடைத்த ஒரே மாதிரியான இரண்டு பிக்கப்புகளை (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகம்) வாங்கினேன். நெக் (கழுத்து) பக்கத்தில் ஒன்று சரியாக உட்கார்ந்தது. பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் அடிப்பாலம்) பக்கக் குழியில் மற்றொன்று ஆடுகிறது. என்ன செய்யலாம்? (பாகான் செராய் வாசகர்)

பதில்: அளக்காமல் வாங்கியதால் வந்த தொல்லை இது. ஜாஸ் பேஸில் பெரும்பாலும் நெக் பிக்கப் ஏறக்குறைய 92 மி.மீ., பிரிட்ஜ் பிக்கப் 95 மி.மீ. நீளம் இருக்கும். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே அளவில் செய்வதால், பழையதைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்த பிறகே பணம் கட்ட வேண்டும். உங்களிடம் உள்ள இரண்டும் ஒரே திசையில் சுற்றப்பட்டவையாக இருந்தால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது இரைச்சலும் அடங்காது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, பிரிட்ஜ் பக்கத்துக்கு உரிய, எதிர்த்திசையில் சுற்றப்பட்ட ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: பேஸுக்கு எந்தப் பிக்கப் சிறந்தது? (லூனாஸ் வாசகர்)

பதில்: என்ன கிட்டார், எத்தனை தந்தி, குழியின் அளவு என்ன, இப்போதைய ஒலியில் என்ன குறை என்று எதையுமே நீங்கள் எழுதவில்லை. அவற்றை எழுதி அனுப்பினால் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் இசைக்குழுவின் பழைய பிரெசிஷன் பேஸ் மந்தமாக ஒலிக்கிறது. செராமிக் காந்தம் உள்ள பிக்கப்புக்கு மாறினால் தெளிவு கிடைக்குமா? (பீடோர் வாசகர்)

பதில்: கடைசியாக எப்போது தந்தி மாற்றினீர்கள்? திருவிழா மேடையின் வியர்வையில் ஊறித் துருவேறிய தந்திக்குக் கீழே எந்தக் காந்தத்தை வைத்தாலும் மந்தமான ஒலிதான் வரும். முதலில் தந்தி, அடுத்து உயரம், அதன் பிறகே பிக்கப் என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த தந்திக்கு 3 மி.மீ., மெல்லியதற்கு 2 முதல் 2.5 மி.மீ. வரை வைத்துத் தொடங்கலாம். அதைவிட நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, சுருதி அலையும். திருகைத் தளர்த்தியும் பிக்கப் மேலே எழவில்லை என்றால், அடியில் உள்ள ஸ்பாஞ்ச் நம் ஊர் வெப்பத்தில் நசுங்கிப் பொடியாகியிருக்கும். புதிய ஸ்பாஞ்சுத் துண்டுக்கு இரண்டு வெள்ளிகூட ஆகாது.

கேள்வி: ஒரு பிக்கப்பில் 10 கிலோ ஓம் என்றும் மற்றொன்றில் 14 கிலோ ஓம் என்றும் போட்டிருக்கிறது. 14 உள்ளதுதான் அதிக சக்தி வாய்ந்தது என்று கடையில் சொன்னார்கள். அதையே வாங்கலாமா, ஐயா? (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: அந்த எண்ணைச் சக்தியின் அளவாகக் காட்டி விற்கும் வழக்கத்தால் எத்தனையோ இளைஞர்கள் ஏழெட்டு நூறு வெள்ளியை வீணாக்கியிருக்கிறார்கள். அது எனக்குத் தீராத மனக்குறை. ஓம் என்பது சுருளில் உள்ள செம்புக் கம்பியின் மின்தடையை மட்டுமே காட்டுகிறது. 42-ஆம் எண் கம்பிக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 43-ஆம் எண் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றினால், தடை ஏறத்தாழ 25 சதவீதம் கூடிவிடும். வெளிவரும் ஒலியின் அளவு அந்தக் கணக்கில் கூடாது. தலா 8 கிலோ ஓம் உள்ள இரண்டு சுருள்களைத் தொடராக இணைத்தால் மீட்டர் 16 காட்டும். பக்க இணைப்பில் 4 காட்டும். 1976இல் வந்த மியூசிக்மேன் ஸ்டிங்ரேயின் பிக்கப் பக்க இணைப்பில் அமைந்தது, அதன் தடையும் குறைவு. ஆயினும் அந்த பேஸின் ஒலி மெலிந்தது என்று எவரும் சொன்னதில்லை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும் என்பதால், குளிரூட்டிய கடையில் 10 காட்டிய பிக்கப், தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் 10.4 காட்டும். அதற்காக உங்கள் வீட்டுக்கு வந்ததும் அது வலிமை பெற்றுவிட்டது என்று கொள்ள முடியுமா? சுற்றுகளையே கூட்டியிருந்தால் ஒலி ஓரளவு உயரும் என்பது உண்மை; ஆனால் கூடவே இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் தன்மை) உயர்ந்து மேல்சுரங்கள் மழுங்கும். கோவில் மேடையில் தவிலுக்கும் கீபோர்டுக்கும் இடையே பேஸ் தனித்துக் கேட்க வேண்டுமானால் அந்த மேல்சுரங்கள்தான் துணை. சத்தம் போதவில்லை என்றால் ஆம்பில் கூட்டிக்கொள்ளலாம். பிக்கப் எடுக்காமல் விட்ட சுரத்தை ஆம்ப் உண்டாக்கித் தராது. ஆகவே, காந்தத்தின் வகை, சுருளின் அமைப்பு, இணைப்பு முறை ஆகிய மூன்றையும் கேட்டறிந்து, முடிந்தால் காதால் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் இரைகிறது, இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடங்குகிறது. பிக்கப் பழுதா? (பந்திங் வாசகர்)

பதில்: பழுதில்லை. ஒற்றைச் சுருளின் இயல்பு அது. இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால், சேரும்போது 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிறது. தனித்து வாசிக்கும்போதும் அமைதி வேண்டுமானால், அதே ஜாஸ் அளவில் இரட்டைச் சுருள் பிக்கப் கிடைக்கும். தந்தியைத் தொட்டவுடன் மட்டும் இரைச்சல் குறைகிறது என்றால், குழிக்குள் செம்புத்தாள் ஒட்டுங்கள். கல்யாண மண்டபத்தில் மட்டும் இரைகிறது என்றால், அங்குள்ள எர்த் இணைப்பை வயர்மேனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தந்தியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இ.எம்.ஜி. நிறுவனத்தின் ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பிக்கப்பைப் பழைய 250 கே (கிலோ ஓம்) பாட்களிலேயே, அதாவது வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் உள்ள மாறுதடைகளிலேயே, சாலிடர் செய்தேன். வால்யூம் திடீரென ஏறி இறங்குகிறது. (தாப்பா வாசகர்)

பதில்: 25 கே பாட் போடுங்கள், அது பெட்டியிலேயே வந்திருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும்.

கேள்வி: மாற்றிய பிறகு இரண்டு பிக்கப்பும் சேரும்போது ஒலி மெலிந்துவிடுகிறது. (குளுவாங் வாசகர்)

பதில்: ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டின் மின்குறிப்புகளும் எதிரெதிராகச் சென்று ஒன்றையொன்று குறைக்கின்றன. ஏதாவது ஒன்றின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றிச் சாலிடர் செய்யுங்கள். உலோக மூடி இருந்தால் அதன் எர்த்தைத் தனியாகப் பிரித்த பிறகே மாற்ற வேண்டும்.

கேள்வி: அப்பாவின் 1970களின் பேஸில் பிக்கப் மாற்றப் போகிறேன். பழையதை விற்றுவிடலாமா? (பஹாவ் வாசகர்)

பதில்: விற்காதீர்கள். அசல் பாகங்களோடு இருந்தால்தான் அத்தகைய கிட்டாருக்கு மதிப்பு. பழைய பிக்கப்பைத் திருகுகளோடு ஒரு டப்பாவில் போட்டு, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். குழியைச் செதுக்கிப் பெரிதாக்க வேண்டிய எந்தப் புதிய பிக்கப்பையும் வாங்காதீர்கள்.