சீரியல் கன்சோலும் ஃபர்ம்வேர் மீட்பும்: கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய ரேக் சர்வர் ஒன்று. யூஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகி புட்டி (PuTTY) என்ற டெர்மினல் நிரலைத் திறந்தால் கருப்புத் திரைதான். எண்டர் தட்டினாலும் அசைவில்லை. எது கெட்டிருக்கும்?

பதில்: சர்வர் மேல் பழி போடுவதற்கு முன் கேபிளைச் சோதியுங்கள். ஒன்பது பின் முனையைச் சர்வரிலிருந்து கழற்றி, 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு எதையாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். கம்பியை எடுத்ததும் நிற்க வேண்டும். அப்படியென்றால் கேபிளும் டிரைவரும் சரி.

அடுத்தது நேர் கேபிளா, கிராஸ் கேபிளா என்பது. கணினிப் பக்கம் 2 வாங்கும் பின், 3 அனுப்பும் பின். சர்வரிலும் அப்படியேதான். அதனால் நடுவில் இவை இரண்டும் மாறிப் போக வேண்டும்; ‘நல் மோடம்’ (null modem) என்ற கிராஸ் கேபிள் செய்வது அதைத்தான். நேர் கேபிள் போட்டால் இரண்டு பேரும் ஒரே கம்பியில் பேசுவார்கள், கேட்க ஆள் இருக்காது. புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலையும் (அனுப்புவதை நிறுத்தி விடும் கட்டுப்பாடு) அணைத்துவிடுங்கள்.

திரையில் குப்பை எழுத்தாக வந்தால் நல்ல செய்தி: இணைப்பு கிடைத்துவிட்டது, வேகம் மட்டும் தப்பு. முதலில் 9600, அடுத்து 115200 போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

கேள்வி: பயாஸ் திரை சீரியலில் அழகாகத் தெரிகிறது. லினக்ஸ் ஏறியதும் இருட்டு. ஏன்?

பதில்: பயாஸ் தன் திரையைத் தானே சீரியலுக்கு அனுப்பியது. கர்னலுக்கு அதை யாரும் சொல்லவில்லை. லினக்ஸை ஏற்றும் க்ரப் நிரலின் அமைப்பில், கர்னல் வரியில் கன்சோல் அளவுருவை இரண்டு முறை கொடுங்கள்: முதலில் டிடிஒய்0 (tty0, சாதாரணத் திரை), கடைசியில் 115200 வேகத்தோடு டிடிஒய்எஸ்0 (ttyS0, முதல் சீரியல் போர்ட்). கடைசியாக வருவதுதான் முதன்மைக் கன்சோல், அதனால் வரிசை முக்கியம். நெட்வொர்க் வழியாக வரும் சீரியல் ஓவர் லேன் என்றால் பல போர்டுகளில் அது டிடிஒய்எஸ்1 ஆக இருக்கும்.

கேள்வி: சீரியல் ஓவர் லேனிலிருந்து வெளியே வர டில்டும் (~) புள்ளியும் தட்டினால், எஸ்எஸ்ஹெச் இணைப்பே அறுந்துவிடுகிறது!

பதில்: எஸ்எஸ்ஹெச்சுக்கும் அதே சாவிதான். புது வரியில் டில்டை இரண்டு முறை தட்டி, பிறகு புள்ளி வையுங்கள்.

கேள்வி: அண்ணே, பயாஸ் அப்டேட் பாதியில் மின்சாரம் போய்விட்டது. இப்போது ஃபேன் மட்டும் சுற்றுகிறது. போர்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம் தம்பி. பிஎம்சி (போர்டிலேயே இருக்கும் தொலைநிர்வாகச் சிப்) உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடும் தனிக் கணினி. பயாஸ் செத்தாலும் அதற்குக் கவலையில்லை. பல சர்வர்களில் அதன் வலைப்பக்கம் வழியாகவே பயாஸை மறுபடி எழுதலாம்.

அதுவும் முடியாவிட்டால் சிப்பிலேயே எழுத வேண்டியதுதான். பவர் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, போர்டில் எரியும் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பயாஸ் இருக்கும் எட்டுக் கால் சிப்பின் மேல், வேறொரு கணினியில் செருகிய ப்ரோக்ராமரின் க்ளிப்பைப் பொருத்தி, அந்தக் கணினியில் ஃப்ளாஷ்ரோம் நிரலால் முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என ஒப்பிடுங்கள். வேறுபட்டால் க்ளிப் சரியாக உட்காரவில்லை. அந்த நிலையில் எழுதினால் இருப்பதும் போகும். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று டேட்டாஷீட்டில் பார்க்காமல் எதையும் இணைக்காதீர்கள்.

படித்து வைத்த கோப்பைப் பத்திரமாக வையுங்கள். சீரியல் எண், சில போர்டுகளில் மேக் முகவரி எல்லாம் அந்தச் சிப்பிலேயே இருக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் பேக்கப் எடுக்காமல் எழுதிவிட்டேன். சர்வர் எழுந்தது, நெட்வொர்க் கார்டு தன் முகவரியைத் தொலைத்துவிட்டது. பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப எழுதினேன். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: செத்தது பிஎம்சியே என்றால்?

பதில்: பல போர்டுகளில் பிஎம்சிக்கென்று மூன்று நான்கு ஊசி கொண்ட சீரியல் ஹெடர் இருக்கும். அங்கே வருவது பெரும்பாலும் 3.3 வோல்ட் டிடிஎல் என்ற தாழ்ந்த மின்னழுத்தச் சிக்னல். முன்பு சொன்ன ஒன்பது பின் ஆர்எஸ்-232 கேபிளை நேராகச் செருகினால் சிப் கருகும். டிடிஎல் அடாப்டர் வாங்கி, கிரவுண்டு, அனுப்புவது, வாங்குவது மூன்றை மட்டும் இணையுங்கள். மின்சார ஊசியைத் தொடாதீர்கள். பிஎம்சியைத் துவக்கும் நிரலான யூ-பூட்டின் எண்ணிக்கை ஓடும்போது ஒரு விசையைத் தட்டினால் அதன் கட்டளை வரி கிடைக்கும். அங்கிருந்து டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய நெறிமுறை) வழியாக ஃபர்ம்வேர் இமேஜை இழுக்கலாம். நெட்வொர்க்கும் இல்லையென்றால் சீரியலிலேயே அனுப்பலாம், பொறுமை வேண்டும்: 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 பைட்தான் போகும். 32 எம்பி இமேஜுக்குக் கிட்டத்தட்ட 49 நிமிடம்.

கேள்வி: வீட்டிலிருந்து பார்க்க வசதியாக, பிஎம்சியோடு பேச உதவும் ஐபிஎம்ஐ நெறிமுறையின் 623 போர்ட்டை இணையத்தில் திறந்து வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையிலேயே ஓட்டை இருக்கிறது: உள்ளே நுழையாதவர் கேட்டாலும் கடவுச்சொல்லின் ஹாஷைக் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) கொடுத்துவிடும். அதை எடுத்துப்போய் நிதானமாக உடைக்கலாம். விபிஎன் போடுங்கள், பிஎம்சிக்குத் தனி விலேன் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி) கொடுங்கள். ஏற்கெனவே திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.