ஐ.டி.யில் முதல் வேலை, முதல் ரெஸ்யூமே: கேளுங்கள், சொல்கிறேன்

ஃப்ரெஷர்களின் ரெஸ்யூமேக்களை வடிகட்டும் வேலையைச் சில வருடங்கள் பார்த்தவன். சம்பளப் பேரம் என் பக்கம் வராது.

கேள்வி: வேலை அனுபவமே இல்லை. பக்கத்தை எதை வைத்து நிரப்புவது?

பதில்: நிரப்பாதீர்கள், எதையாவது செய்துவிட்டு எழுதுங்கள். ஹெல்ப் டெஸ்க் (பயனர்களின் கணினிச் சிக்கலைத் தீர்க்கும்) வேலை என்றால், ஒரே கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிப் பார்க்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாள் ஓடும். அதில் ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிப்பது) அமைத்து, பத்துக் கணக்கு உருவாக்கி, இன்னொரு மெஷினை அதன் டொமைனில் (அது நிர்வகிக்கும் குழுவில்) சேர்த்துப் பாருங்கள். முதல் தடவை சேராமல் அடம்பிடித்தால் அந்த மெஷினில் டி.என்.எஸ். (பெயரை வைத்து முகவரி தேடித் தரும் சேவை) முகவரியைப் பாருங்கள். டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைக் காட்ட வேண்டியது ரௌட்டரைக் காட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தினீர்களே, அந்த வரிக்காக நான் போனை எடுப்பேன். "நெட்வொர்க்கிங்கில் நல்ல அறிவு" என்ற வரிக்கு எடுக்க மாட்டேன். ஐந்து நிமிடம் பேச முடியாத எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: எத்தனை பக்கம்?

பதில்: ஒன்று.

கேள்வி: பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு காலமாகப் பிரித்த டெம்ப்ளேட்டை, ரெஸ்யூமேக்களை வடிகட்டும் மென்பொருள் நிராகரித்துவிடுமா?

பதில்: நிராகரிப்பதைவிட, குழம்பிப்போவதுதான் அதிகம். பி.டி.எஃப்.பில் எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். கல்லூரிப் பெயருக்கு நடுவே பைத்தான் வந்து உட்கார்ந்தால், அங்கேயும் அப்படித்தான் வாசிக்கப்படும். போன் நம்பரை ஹெடருக்குள் (பக்கத்தின் மேல் விளிம்புப் பகுதிக்குள்) போடாதீர்கள். சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை.

கேள்வி: ஜாவா 80%, பைத்தான் 70% என்று பட்டை போட்டிருக்கிறேன். சரியா?

பதில்: எதில் 80? எடுத்துவிடுங்கள்.

கேள்வி (அதே நபர்): பார்த்தவுடன் புரிகிறதே! எல்லா டெம்ப்ளேட்டிலும் இருக்கிறதே!

பதில்: சரி, நடந்ததைச் சொல்கிறேன். 80% போட்டிருந்த ஒருவரிடம், ஜாவாவில் இரண்டு பொருள்கள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸை மாற்றி எழுதினால், பொருளுக்கு ஓர் எண் தரும் ஹேஷ்கோடையும் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டேன். முழித்தார். "ஜாவா: கல்லூரி ப்ராஜெக்ட் அளவு" என்று எழுதியிருந்த இன்னொருவரிடமும் அதையே கேட்டேன். "சரியாகத் தெரியாது. ஆனால் ஹேஷ்மேப்பில் போட்ட பொருள் திரும்பக் கிடைக்காமல் ஒரு நாள் பூராவும் திண்டாடினேன், அதுவா?" என்றார். அதேதான்! யாரை எடுத்தோம் என்று சொல்ல வேண்டுமா?

கேள்வி (வேறொருவர்): உங்களுக்குப் பட்டை பிடிக்காது, எச்.ஆருக்குப் பிடிக்கலாமே?

பதில்: பிடிக்கட்டும். எச்.ஆரைத் தாண்டி உள்ளே வந்தால் அந்த 80-ஐ வைத்துத்தான் கேள்வி கேட்போம்.

கேள்வி: ஒன்றரைப் பக்கம் வருகிறதே?

பதில்: மேலே பாருங்கள். எழுத்தை 8 பாயின்ட்டாகச் சுருக்கி ஒப்பேற்றாதீர்கள்.

கேள்வி: காம்ப்டியா ஏ பிளஸ் (கணினிப் பராமரிப்புக்கான சான்றிதழ்) பாதியில் நிற்கிறது. போடலாமா?

பதில்: அதற்கு இரண்டு தேர்வு. ஒன்றில் தேறியிருந்தால் அதை மட்டும் அப்படியே எழுதுங்கள். புத்தகம் வாங்கியதெல்லாம் கணக்கில் வராது.

கேள்வி: கீவேர்டுகளை வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கலாமா?

பதில்: நோட்பேடில் ஒட்டினால் அத்தனையும் கறுப்பாகத் தெரியும். பேச முடியாததை எழுதாதீர்கள் என்றேனே.

கேள்வி: ஃப்ரெஷருக்கு இரண்டு பக்கம் இருக்கலாமா?

பதில்: அட, போங்கப்பா.

கேள்வி: அந்த ஹேஷ்மேப் விஷயம் என்ன?

பதில்: வாங்க! ஈக்வல்ஸை மட்டும் மாற்றிவிட்டு ஹேஷ்கோடை விட்டுவிட்டால், சமமான இரண்டு பொருள்களுக்கு வெவ்வேறு எண் வரும். பொருள்களைச் சேமித்து வைக்கும் ஹேஷ்மேப், எந்தப் பெட்டி என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்யும். அதனால் ஒரு பெட்டியில் போட்டதை வேறொரு பெட்டியில் தேடிவிட்டு, இல்லை என்று கையை விரிக்கும். இன்றைக்கே வேண்டுமென்றே அப்படி உடைத்துப் பாருங்கள். அப்புறம் ரெஸ்யூமேயில் ஜாவா என்று எழுதுங்கள்.