பிரியாணி போட்டும் ஆட்கள் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: திருவொற்றியூரில் கன்டெய்னர் பழுதுபார்க்கும் வேலையும் ஃபேப்ரிகேஷனும் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மொத்தம் 24 பேர். அக்கம்பக்கத்தில் தரும் சம்பளம்தான் நானும் தருகிறேன். ஆனாலும் திங்கட்கிழமை ஆனால் ஐந்தாறு பேர் மட்டம். சூப்பர்வைசருக்கும் வெல்டர்களுக்கும் தினமும் வாய்த்தகராறு. புதுப் பையன்கள் மூன்று மாதம் தாண்டுவதில்லை. மாதம் ஒருநாள் பிரியாணி போட்டேன், ‘சிறந்த தொழிலாளி’ பரிசும் கொடுத்துப் பார்த்தேன். யாருக்கும் வேலையில் மனசு ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பிரியாணியை நிறுத்த வேண்டாம், அது நல்ல வழக்கம். ஆனால் மாதம் முழுக்க மனதில் கிடக்கும் கணக்கை ஒரு மதியச் சாப்பாடு தீர்க்காது. பரிசை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஃபிட்டர், வெல்டர், ஹெல்பர் எல்லோரும் சேர்ந்து முடிக்கும் வேலையில் ஒருவரை மேடையேற்றினால், மற்ற 23 பேரும் ‘அப்படியென்றால் நான் யார்?’ என்றுதான் யோசிப்பார்கள்.

முதலில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கை எடுத்துப் பாருங்கள். மாதம் 18,200 ரூபாய் வாங்கும் வெல்டரை வைத்துப் போடுவோம். 26 வேலைநாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 700 ரூபாய், எட்டால் வகுத்தால் ஒரு மணிக்கு 87.50. ஓ.டி.க்கு இரட்டிப்பு தரவேண்டும் என்பது சட்டம். அதன்படி மணிக்கு 175, மூன்று மணி நேரத்துக்கு 525 ரூபாய். பல பட்டறைகளில் 30 நாளால் வகுத்து, ஒற்றைச் சம்பளமாகவே போட்டுவிடுகிறார்கள். அப்போது அதே மூன்று மணி நேரத்துக்கு 227.50 தான் வரும். ஒரு ராத்திரிக்கு 297.50 குறைகிறது. இந்தக் கணக்கை ஆட்கள் உங்களிடம் வந்து பேச மாட்டார்கள். டீக்கடையில் பேசுவார்கள், திங்கட்கிழமை வராமல் ஈடுகட்டிக்கொள்வார்கள்.

அக்கம்பக்கத்துச் சம்பளமே தருகிறேன் என்கிறீர்கள். தொகை சமமாக இருந்தாலும், தேதி நிச்சயம் இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு மதிப்பு குறைந்துவிடும். மாதச் சம்பளம் மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்குப் போய்விட வேண்டும். வாடிக்கையாளர் பில் பாஸாகவில்லை என்பதை ஆட்களின் தலையில் போடக்கூடாது. வீட்டு வாடகையும் சீட்டுத் தவணையும் அவர்களுக்காகக் காத்திருக்காது. சம்பளச் சீட்டில் வேலை செய்த நாள், ஓ.டி. மணி, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), அட்வான்ஸ் பிடித்தம், மீதி அட்வான்ஸ் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். அட்வான்ஸுக்கு ஒரே விதி வைத்து அதை எழுதி ஒட்டுங்கள்: அரை மாதச் சம்பளம் வரை தரலாம், மூன்று தவணையில் பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் சட்டமே. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுத்தால், எத்தனை நல்ல வார்த்தை சொன்னாலும் அந்தக் காயம் ஆறாது.

அடுத்தது மட்டம். கால்மணி தாமதத்துக்கு அரைநாள் சம்பளம் வெட்டும் பழக்கம் உங்கள் பட்டறையில் இருக்கிறதா? இருந்தால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. மீஞ்சூரிலிருந்தும் அத்திப்பட்டிலிருந்தும் வருபவர்கள் கும்மிடிப்பூண்டி ரயிலை நம்பி வருகிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பைக்கில் வருபவருக்கும் வழி கிடையாது. இருபது நிமிடம் தாமதமானவர், அரைநாள் எப்படியும் போய்விட்டது என்று அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். 15 நிமிடத்துக்கு நியாயமான பிடித்தம் ஏறக்குறைய 22 ரூபாய். நீங்கள் வெட்டுவது 350. வராத நேரத்துக்கு மேல் பிடிப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது. 8.30 முதல் 9 மணிக்குள் எப்போது வந்தாலும் சரி, சாயங்காலம் அந்த நேரத்தை ஈடுசெய்துவிட்டுப் போகலாம் என்று மாற்றுங்கள். ஜோடி சேர்ந்து செய்யும் வெல்டிங்கை 9 மணிக்குத் தொடங்கி, அந்த முதல் அரைமணிக்குத் தனியாளாகச் செய்யக்கூடிய கிரைண்டிங், பிளேட் மார்க்கிங், கேபிள் பார்ப்பது போன்ற வேலைகளை ஒதுக்குங்கள்.

வாய்த்தகராறுக்கு வருவோம். முதலாளிகள் அதிகம் தவறவிடும் இடம் இது. சூப்பர்வைசர் கத்துகிறார் என்றால் அவருக்கு வாய் நீளம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அவர் கையில் அதிகாரம் எதுவும் இருக்காது. லீவு வேண்டுமென்றால் ஆட்கள் நேராக உங்களிடம் வருகிறார்கள், நீங்களும் கொடுத்துவிடுகிறீர்கள்; மறுநாள் ஆள் குறைந்தது அவருக்குக் காலையில்தான் தெரிகிறது. ஒருநாள் லீவு தருவதும் 1,000 ரூபாய் வரை அட்வான்ஸ் தருவதும் அவர் பொறுப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். உங்களிடம் நேராக வருபவரை ‘முதலில் அவரைக் கேட்டீர்களா?’ என்று திருப்பி அனுப்புங்கள். கூடவே அவருக்கும் கறாரான எல்லை வேண்டும். வேலையில் தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே வெல்டைக் காட்டிச் சொல்லலாம். ஆளைப் பற்றிய பேச்சு தனியறையில்தான். சாதி, ஊர், மொழி, குடும்பம் வாயில் வந்தால் முதல் தடவையே எழுத்தில் எச்சரிக்கை. இதில் தயங்கவே கூடாது.

அந்தத் தகராறுக்குத் தீனி போடுவது எது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். ஆள் சும்மா நின்ற ஒவ்வொரு முறையும் எதற்காக, எத்தனை நிமிடம் என்று எழுதச் சொல்லுங்கள்: வெல்டிங்குக்கான ஆர்கான் வாயு சிலிண்டர் வரவில்லை, பிளேட் வரவில்லை, டிராயிங் மாறிவிட்டது, ஹைட்ரா கிரேன் வேறிடத்தில், கரன்ட் போய்விட்டது. பகலில் இரண்டு மணி நேரம் சிலிண்டருக்காக உட்காரவைத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு ‘இருந்து முடித்துக்கொடு’ என்றால் எந்த மனிதருக்கும் எரிச்சல் வரும். அதைச் சொல்லவேண்டிய சூப்பர்வைசர் திட்டு வாங்குகிறார், திட்டுகிறார். ஒரு சிலிண்டரைக் கூடுதலாக இருப்பு வைத்தால் இந்த ராத்திரி ஓ.டி.யைத் தவிர்க்கலாம்.

புதுப் பையன்கள் போவதற்கு முதல் சம்பளச் சீட்டே காரணமாக இருக்கலாம். ‘பதினைந்தாயிரம்’ என்று சொல்லிச் சேர்க்கிறீர்கள். அது முழுக்க அடிப்படைச் சம்பளமாக இருந்தால் பி.எஃப். 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113. கைக்கு வருவது 13,087. முன்பே சொல்லாததால் ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறான். சேரும் நாளிலேயே இரண்டு தொகையையும் எழுதிக் கொடுங்கள். பி.எஃப்.பில் உங்கள் பங்கும் சேர்கிறது, நோய்வாய்ப்பட்டால் இ.எஸ்.ஐ.யில் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும், பெற்றோர், மனைவி பெயரைச் சேர்த்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை அவர்களுக்கும் பயன்படும் என்று விளக்குங்கள். ஷூவும் கையுறையும் முதல் நாளே அவன் அளவில் இருக்கட்டும். சந்தேகம் கேட்க ஒரே ஒரு மூத்தவரைக் காட்டிவிடுங்கள். வடமாநிலத் தொழிலாளிகளுக்கு ஏஜென்ட் கையில் கொடுக்காமல் அவரவர் வங்கிக் கணக்கிலேயே சம்பளத்தைப் போடுங்கள்.

கழிவறை, குடிநீர், தகரக் கூரைக்குச் சூடான காற்றை வெளியேற்றும் டர்போ வென்டிலேட்டர் ஆகியவற்றை விவாதிக்கவே வேண்டாம், செய்துவிடுங்கள். உணவு இடைவேளையில் கை வைக்காதீர்கள். 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைகளின் தொழிலாளர்கள் திரண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, சாப்பிட நேரம் போதவில்லை என்பதும் அவர்களின் குறைகளில் ஒன்று. வடசென்னைக்கு இந்த ஞாபகம் நீளமானது.

சனிக்கிழமை வேலை முடிய 15 நிமிடம் இருக்கும்போது எல்லோரையும் நிற்கவைத்துக் குறை கேளுங்கள். புகார்ப் பெட்டி வேண்டாம். 24 பேரில் யார் கையெழுத்து என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். போர்டில் மூன்று கட்டம்: என்ன குறை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். முதல் வாரம் மூன்று நாளில் முடியக்கூடிய ஒன்றை, கழிவறைத் தாழ்ப்பாள் மாதிரி, எடுத்து முடித்துக்காட்டுங்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள். முதல் மாதம் குறைகள் கூடும். அதைக் கண்டு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். இதுவரை வெளியே பேசியதை உங்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம், தொடருங்கள். சொல்லாமல் எடுத்த லீவு, தப்பைத் திருத்த மறுபடி செய்த வேலையின் மணிகள், 90 நாளுக்குள் விலகியவர்கள் என்ற மூன்றையும் 12 வாரம் குறித்துவந்தால் மாற்றம் தெரியும். சம்பளத் தேதி மேல் நம்பிக்கை வர மட்டும் இரண்டு மூன்று சம்பளமாவது ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் எல்லோரையும் கிளப்பிவிட்டுக்கொண்டே இருந்தால், முதலில் அவர் சம்பளத்தைப் பாருங்கள். ஒன்பது வருடமாக இருக்கும் வெல்டர் 18,500 வாங்க, நேற்று வந்தவரை 18,000-க்கு எடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது; அனுபவத்துக்கும் திறமைக்கும் தனித்தனிப் படிநிலை வைத்துச் சம்பளத்தைச் சரிசெய்யுங்கள். சரிசெய்தும் மாறாவிட்டால், எந்த நாள், என்ன நடந்தது என்று குறிப்பிட்டுப் பேசுங்கள், பிறகு எழுத்தில் கொடுங்கள், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். பிரிய வேண்டி வந்தால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலைநாளுக்குள் முழுதாகக் கொடுத்து அனுப்புங்கள். அவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதை மீதி 23 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.